மாரியில் தீவகம் செல்வோருக்கு

கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் நம்மவர்க்குக் குளிர்கால விளையாட்டு என்றால் பனிச்சறுக்குத்தான். ஒட்டாவா நகரின் றிடோ கால்வாய் உறைந்ததும் 7.8 கிலோமீற்றர் நீளத்துக்கு மக்கள் சறுக்கி விளையாடுகின்றனர். பனிக்கட்டி போதிய தடிப்பில் உறையாவிட்டால் திறப்பதில்லை. 2022-23 பருவம் முழுவதும் அது திறக்கப்படவேயில்லை. அந்த ஒழுங்குக்கு அங்கே மறுபேச்சின்றிக் கட்டுப்படும் மனிதர், டிசம்பர் விடுமுறையில் யாழ்ப்பாணம் வந்ததும் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று, "கடல் கொஞ்சம் அடிக்குதுதான், காசு கூடத் தாறன், நெடுந்தீவுக்கு விடுங்கோ" என்று வள்ளக்காரருடன் பேரம் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். வாடைக்காற்று வலுத்தால் அலை குறுகிச் செங்குத்தாக எழும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இக்கடலில்தான் வந்தது. நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். நயினாதீவுக் கடப்பு போலச் சில நிமிடங்களில் முடிவதன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமக்கு உல்லாசமாகத் தோன்றும் அந்தப் படகு, தீவு மக்களுக்குப் பேருந்து. ஆசிரியரும் நோயாளியும் மீன் கொண்டுவருபவரும் அதில்தான் வரவேண்டும். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களும் அவ்வாறு அன்றாட அலுவலாகச் சென்றவர்களே. கூட்டம் மிகுந்த நாளில் அவர்கள் ஏறிய பின் இடமிருந்தால் நாம் ஏறுவதே முறை.

அப்படியானால் டிசம்பரில் வருபவர் வீட்டில் முடங்கிக் கிடப்பதா? வேண்டியதில்லை. ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்ணைத் தாம்போதியில் இறங்குங்கள். மண்டைதீவுப் பக்கத்து ஆழமற்ற நீரில் வடக்கேயிருந்து வலசை வந்த ஊசிவால் வாத்துகள் இருக்கும். வாய்ப்பிருந்தால் பூநாரைகளையும் காணலாம். உங்களைப் போலவே குளிருக்குத் தப்பி வந்தவை அவை. வேலணை கடந்து புங்குடுதீவுத் தாம்போதி வரை மிதிக்கலாம். ஊர்காவற்றுறைக்குத் திரும்பினால் கடலின் நடுவே நிற்கும் கடற்கோட்டையைக் கரையிலிருந்தே பார்க்கலாம். போகும்போது வாடை முதுகைத் தள்ளும்; திரும்பும்போது வட்டியோடு வாங்கும். ஆகையால் தண்ணீரும் தெம்பும் மிச்சம் வைத்திருங்கள்.

நெடுந்தீவைத் தை பிற்பகுதிக்கும் மாசிக்கும் ஒத்திவையுங்கள். கடல் தணிந்திருக்கும், மாரியில் முளைத்த புல்லும் காய்ந்திராது. அங்குள்ள குதிரைகள் கோடையில் நீரின்றி மடிகின்றன என்று செய்தி எழுதி எழுதிச் சலித்தவர்கள் நாங்கள். அவை வயிறு நிறைய மேய்வதைக் காண அதுவே காலம். ஒல்லாந்தர் கோட்டை, பெருக்கு மரம், முருகைக்கல் வேலிகள் எல்லாவற்றையும் சைக்கிளிலேயே சுற்றலாம். படம் எடுப்பதற்காக வாகனத்தில் குதிரைகளை விரட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

படகில் ஏறும் முன் உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு அளவானது இல்லையென்றால், அடுத்த படகுக்குக் காத்திருங்கள்.