வாசலில் நிற்பது நம்ம தம்பிதான்

டிசம்பர் கடைசி வாரம் எல்லயில் ஒரு ஹோட்டல் பாருக்குள்ள போனால், கால் வைக்க இடமிருக்காது. பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுறது கேட்காது. அந்த நெரிசலுக்குள்ள பியர் தட்டைத் தலைக்கு மேல தூக்கிக்கொண்டு நெளிந்து போகிற பையனைக் கவனிச்சிருக்கீங்களா? பெரும்பாலும் தெமோதரை, பசறை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. லயத்திலிருந்து வேலைக்கு வந்தவன். நம்ம தம்பி.

எங்களில் ஒருத்தர் அப்படி ஓர் இடத்தில் ஒரு சீசன் வேலை பார்த்தார். பேர் வேணாம். புது வருச ராத்திரி மாடி நிரம்பி வழிஞ்சிது. "இனி ஆள் விட வேணாம் சேர்"னு சொன்னதுக்கு, "வர்ற காசை விரட்டாத மல்லி"ன்னு பதில் வந்துச்சு. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போச்சு. எல்லாரும் ஏறி வந்த ஒரே படிக்கே ஓடினாங்க. பின்பக்கக் கதவு ஒண்ணு இருந்துச்சு. அதை மறைச்சு பியர் பெட்டி அடுக்கியிருந்தாங்க. ஒரு பெண் படியில் விழுந்தா. அவளுக்கு மேல ரெண்டு பேர். அதுக்குள்ள ஜெனரேட்டர் ஓடினதால் தப்பினோம். மறுநாளும் பெட்டிகள் அதே இடத்தில்.

இது சின்ன விசயமா? பிரேசிலின் சாந்தா மரியா நகரில் 'கிஸ்' என்ற இரவு விடுதி 2013 ஜனவரி 27 அன்று தீப்பிடித்தபோது 242 பேர் இறந்தார்கள். வெளியேற ஒரே வாசல்தான். நெருப்பு என்று தெரியாத காவலர்கள், பில் கட்டாமல் ஓடுகிறார்கள் என்று நினைத்து முதலில் வழிமறித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பில் கட்டாமல் யாரையும் விடாதே என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. ஆபத்து வந்தால் கதவைத் திற என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொன்று நமக்கு ரொம்பக் கிட்ட. 2025 டிசம்பரில் கோவாவின் அர்போராவில் ஓர் இரவு விடுதி எரிந்தது. இறந்த 25 பேரில் பெரும்பாலானோர் அங்கே வேலை செய்தவர்கள். வேறு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பலர் கீழே சமையலறைப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். கூட்டத்தைச் சரியாகப் பார்க்காத இடத்தில் சாகிறவர் டூரிஸ்ட் மட்டும் என்று நினைக்காதீங்க.

"டூரிசத்தால்தானே நம்ம பிள்ளைகளுக்கு வேலை, அதையும் கெடுக்கவா?" என்று கேட்பாங்க. நியாயமான கேள்வி. கொழுந்துக்குப் போனால் கிடைக்கிற சம்பளம் நமக்குத் தெரியும். பார் வேலை கேவலம் என்றும் நாங்க சொல்லவில்லை. தவறணை வாசலில் அழிஞ்ச குடும்பங்களையும் மறக்கவில்லை. எங்க பேச்சு ஒண்ணுதான்: கூட்டத்தைக் காக்கிற பொறுப்பை இந்தப் பிள்ளைகள் தலையில் கட்டினால், அதற்கான அதிகாரத்தையும் கொடுக்கணும். 21 வயசுக்குக் குறைஞ்சவங்களுக்கு மது விற்கக் கூடாது என்பது 2006ஆம் ஆண்டின் சட்டம். அதைச் சொல்லி மறுக்கிற வேலையைப் பலநேரம் செய்வது பத்தொன்பது வயசுப் பையன். அவன் மறுத்தால் முதலாளி அவன் பக்கம் நிற்பாரா?

நாங்க கேட்பது கோடி ரூபாய் திட்டம் இல்லை. இத்தனை பேருக்குத்தான் இடம் என்று வாசலில் எழுதி வைக்கணும். உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் ஒருத்தர் எண்ணிக்கொண்டே இருக்கணும். ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்தாறு பேர் நெருங்கிவிட்டால் யாரும் தன் விருப்பத்துக்கு நகர முடியாது. கூட்டம்தான் அவர்களை நகர்த்தும். அதற்கு ரொம்ப முன்பே கதவை மூட வாசல்காரனுக்கு உரிமை வேணும். அதுக்காக அவன் வேலை போகக்கூடாது. பின்கதவு வெளிப்பக்கம் திறக்கணும், பெட்டி இருக்கக் கூடாது. ஏதாவது நடந்தால் முதலில் பாட்டை நிறுத்தி, லைட்டைப் போட்டு, மைக்கில் வழி சொல்லணும். கூட்டம் பழக்கத்தில் வந்த வாசலுக்கேதான் ஓடும் என்பதால், மற்ற வழியில் ஓர் ஆள் நின்று கையைக் காட்டிக் கூப்பிடணும். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும் என்பது எல்லா ஊழியருக்கும் தெரிஞ்சிருக்கணும். நடுராத்திரி வேலை முடிஞ்ச பிள்ளைகளைத் தோட்டம் வரைக்கும் கொண்டுபோய் விட ஒரு வேனும் வேணும்.

எச்சரிக்கையைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஊவாக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருசத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். சொன்னதோடு சரி.

அதனால் இந்த சீசனில் பார் வேலைக்குப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறப்பவே, "பின்கதவு எங்க சேர்?"னும் கேளுங்க. முதல் நாளே போய்த் திறந்து பாருங்க. கூட்டாளிகளோட குடிக்கப் போகிறவங்களும் கேளுங்க. நாலு பேர் கேட்டால் சிரிப்பாங்க. நாப்பது பேர் கேட்டால் பெட்டியை எடுப்பாங்க.