நான்தான் விட்டுட்டேனே!

உங்கள் வீட்டு வாட்ஸ்அப்பிலும் அந்தப் போட்டோ வந்திருக்கலாம். கலிஃபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகனோ மாப்பிள்ளையோ, படகில் நின்றுகொண்டு ஒரு மீனைத் தூக்கிப் பிடித்திருப்பார். சங்கரா மாதிரி ஆரஞ்சுச் சிவப்பில், சங்கராவைவிடத் தாட்டியான மீன். கூலிங் கிளாஸ், சிரிப்பு. கீழே ஒரு வரி: 'பிடிச்சேன், போட்டோ எடுத்தேன், விட்டுட்டேன்!' நீங்களும் பூரித்துப்போய் நாலு பேருக்கு அனுப்பியிருப்பீர்கள். பிடித்த மீனைத் தின்னாமல் விட எவ்வளவு நல்ல மனசு!

தயவுசெய்து அந்தப் போட்டோவைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். மீனின் கண் இரண்டும் கோலிக்குண்டு மாதிரி வெளியே பிதுங்கியிருக்கிறதா? வாய்க்குள் இளஞ்சிவப்பாக பலூன் போல ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கிறதா? அது நாக்கு இல்லை சார். அந்த மீனின் வயிறு.

ராக்ஃபிஷ் என்று பெயர். இதைத் தமிழாக்கி 'பாறை மீன்' என்று நம்ம ஊர் மார்க்கெட்டில் கேட்டால் சம்பந்தமே இல்லாத வேறொரு மீனை வெட்டிக் கொடுப்பார்கள். இது நம் கலவா மாதிரி, கடலடிப் பாறை இடுக்கில் குடியிருக்கிற ரகம். 100-க்கும் மேற்பட்ட வகைகள். பெரும்பாலானவை வடக்கு பசிபிக்கில். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வார இறுதியில் படகேறும் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு இதுதான் செல்லம்.

இந்த மீனின் உடம்புக்குள் ஒரு காற்றுப்பை. அதற்கு வெளியே வழி கிடையாது. உள்ளே இருக்கும் காற்றை ரத்தத்தின் வழியே மெதுவாகத்தான் குறைக்க முடியும். நான் காமர்ஸ் குரூப்தான். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதி இங்கே போதும். 60 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல 7 மடங்கு. அங்கிருந்து ஒன்றிரண்டு நிமிஷத்தில் சுற்றி இழுத்தால் அந்தக் காற்று 7 மடங்கு விரியப் பார்க்கிறது. கண் பிதுங்குகிறது, வயிறு வாய்வழியே வெளியே வருகிறது. இந்த நிலையில் 'விட்டுட்டேன்' என்று தண்ணீரில் போட்டால் மீன் கீழே போக முடியாது. மிதக்கும். கடற்காகமோ கடல்சிங்கமோ வந்து கணக்கை முடிக்கும். இதற்குப் பெயர் விடுதலையா?

சில புத்திசாலிகள் வாயில் தெரிகிற 'பலூனை' ஊசியால் குத்தி உடைக்கிறார்கள். காற்றுப்பை என்று நினைப்பு. குத்துவது வயிற்றை!

சரி, தவறு எங்கே ஆரம்பிக்கிறது? படகில் இல்லை. தூண்டில் சாமான் கடையில்.

அங்கே போய் 'ராக்ஃபிஷுக்கு நல்ல பொய் இரை கொடுங்க' என்று கேட்டுப் பாருங்கள். நம் ஊர் ஜவுளிக்கடை தோற்றது. சிவப்பு, ஆரஞ்சு, இருட்டில் மினுங்குவது, ஜிகினா தூவியது. 'ரூட் பீர்', 'மோட்டார் ஆயில்' என்றெல்லாம் நிறத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஈயத்தலையோடு ரப்பர் வால், வெள்ளிக்கட்டி மாதிரி இரும்பு ஜிக், கலர் இறகு கட்டிய முள் ஜோடி. 'போன வாரம் சிவப்புதான் சார் கடிச்சுது' என்பார் கடைக்காரர். வாங்குகிறவரும் ரகத்துக்கு நாலாக அள்ளுவார்.

கடல்நீர் முதலில் விழுங்குவதே சிவப்பு வெளிச்சத்தைத்தான். பத்துப் பதினைந்து மீட்டருக்குள் பெரும்பகுதி காலி. 60 மீட்டரில் உங்கள் சிவப்பு வெறும் கறுப்பு. ஆழத்து மீன்களில் பல சிவப்பாக இருப்பதே அதனால்தான்; அங்கே சிவப்பாக இருந்தால் யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம். ஆக, ஒளிந்துகொள்வதற்கு மீன் போட்டுக்கொண்ட சட்டையையே இரைக்கும் மாட்டிவிட்டு, பளிச்சென்று தெரியும் என்று காசு வாங்குகிறார்கள்.

கடைக்காரர் சொல்லாத விஷயம் வேறு இருக்கிறது. அடிக்கடல் தூண்டிலில் நிறத்தைவிட எடை, அளவு, தரையிலிருந்து எத்தனை உயரத்தில் இரை நிற்கிறது என்பவைதான் முக்கியம். பெரிய இரையைப் பாறை மேலேயே தட்டித் தட்டி ஆட்டினால் வருவது லிங்காட், கூடவே மஞ்சள்கண் ராக்ஃபிஷ். சின்ன இறகு முள்ளைத் தரைக்கு மேலே உயர்த்தி நிறுத்தினால் வருவது கூட்டமாக நடுநீரில் திரியும் கறுப்பு, மஞ்சள்வால் ரகங்கள். அதாவது எந்த மீன் சாக வேண்டும் என்பது முள்ளைக் கட்டும்போதே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. 'நான் என்ன செய்யறது, அதுவா வந்து மாட்டிடுச்சு' என்கிற வசனம் எடுபடாது.

ஆரிகன் மாநிலம் இதைச் சட்டமாகவே போட்டுக் காட்டியது. 'லாங் லீடர்' என்று ஒரு கட்டுமுறை. அடியில் ஈயம், அதற்குக் குறைந்தது 30 அடி மேலேதான் முதல் முள், நரம்பு நிமிர்ந்து நிற்க மேலே ஒரு மிதவை, சின்னப் பொய் இரை மட்டும், நிஜ இரை கூடாது. இப்படிக் கட்டினால் கரையிலிருந்து தள்ளி ஆழத்தில் பிடிக்கலாம் என்று அனுமதி. அடியில் இருக்கும் மஞ்சள்கண் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

மஞ்சள்கண்ணுக்கு ஏன் இத்தனை மரியாதை? வயசுக்குத்தான். 100 வருஷத்தைத் தாண்டி வாழும் மீன் அது. பாரதியார் இருந்த காலத்தில் பிறந்த ஒன்று இன்றைக்கும் ஏதோ ஒரு பாறையடியில் உட்கார்ந்திருக்கலாம். இதன் உறவுக்கார ரகம் ஒன்று 200 வருஷம் வாழ்கிறது. வயசுக்கு வரவே மஞ்சள்கண்ணுக்கு ஏறக்குறைய 20 வருஷம் ஆகும். வயதான பெரிய பெண் மீன்தான் ஏராளமாகக் குஞ்சு போடும். பி.காம். முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியும், வட்டியைத் தின்னலாம், முதலைத் தின்னக்கூடாது என்று. பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்துப் போட்டோ எடுப்பவர்கள் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்துக் காபி குடிக்கிறார்கள்.

'அழிச்சது பெரிய இழுவைப் படகு. எங்களை ஏன்யா கேக்கறே?' என்பார்கள். நியாயமான கேள்வி. மேற்குக் கரையின் அடிமீன் தொழில் சரிந்து, 2000-ல் அமெரிக்க அரசே அதைப் பேரிடர் என்று அறிவித்ததில் பெரும் பங்கு இழுவலைக்குத்தான். ஆனால் அதற்குப் பிறகு கடலடியில் பெரும் பரப்புகளை மூடினார்கள், ஒதுக்கீட்டைச் சுருக்கினார்கள். பலன் வந்தது. லிங்காட் 2005-ல் மீண்டது. பொக்காச்சியோ 2017-ல், கௌகாட் 2019-ல். இழுவைப் படகுக்காரர் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டார். மெதுவாகத் தேறுகிற மஞ்சள்கண்ணுக்குப் பொழுதுபோக்குத் தூண்டிலும் ஒரு எமன். வாஷிங்டன், ஆரிகன், கலிஃபோர்னியா மூன்றிலும் அதை வைத்துக்கொள்ளவே தடை. அதனால் பிடிக்கிறவர்கள் எல்லாரும் 'விட்டுட்டேன்' என்கிறார்கள். மீன்வளத் துறை என்ன ஏமாளியா? எந்த ஆழத்தில் பிடித்து விட்டார்கள் என்று பார்த்து, அதில் இத்தனை பங்கு செத்திருக்கும் என்று செலவுப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறது. அந்தச் செலவு எல்லையைத் தொட்டால் ஆழப் பகுதிகளுக்குப் பூட்டு. அப்போது இதே ஆட்கள் அரசாங்கத்தைத் திட்டுவார்கள்.

மீனே பிடிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் குழம்பு ருசித்தவன்தான். கலிஃபோர்னியாவில் ராக்ஃபிஷ் வகையறா ஒருவருக்கு நாளைக்கு 10 வரை பிடிக்கலாம், இரண்டு முள்ளுக்கு மேல் கட்டக்கூடாது என்று இருக்கிறது. பிடிக்கலாம் என்று சட்டம் அனுமதித்த ரகத்தைப் பிடித்துத் தின்றால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. கணக்கு முடிந்ததும் தூண்டிலைச் சுருட்ட வேண்டும். 'சும்மா பிடிச்சு விடலாம்' என்று அதே பாறையில் தொடர்ந்தால், அதுதான் அநியாயம். மஞ்சள்கண் ஒன்று மாட்டினால் இடத்தை மாற்றுங்கள். மூன்று கொக்கி முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள். பாறையிலும் குறைவாகச் சிக்கும், மீனிலிருந்தும் சட்டென்று கழலும். மேலே நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் மீனின் ஆயுசில் கழிகிறது. போட்டோவுக்கு எத்தனை நிமிஷம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மற்றபடி, வந்த ஆழத்துக்கே மீனைத் திருப்பி அனுப்ப வழி இருக்கிறது. அழுத்தம் திரும்பியதும் காற்று சுருங்கும், கண் உள்ளே போகும், பெரும்பாலான மஞ்சள்கண் நீந்திப் போய்விடும். அலாஸ்காவில் 2020 முதல் பொழுதுபோக்கு மீன்பிடிப் படகு ஒவ்வொன்றிலும் இதற்கான கருவி இருந்தாக வேண்டும். ஆரிகனிலும் 2017-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். கருவி என்றதும் பெரிய மெஷின் என்று நினைக்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பால் கூடை, விளிம்பில் நாலு ஈயக்கட்டி, அடிப்பக்கத்தில் நீளமாக ஒரு கயிறு. மீனைத் தண்ணீரில் விட்டு, கூடையை அதன்மேல் தலைகீழாகக் கவிழ்த்துக் கயிற்றை இறக்கினால் போதும். அடிக்குப் போனதும் மீன் தானாகக் கீழ்ப்பக்கம் வெளியேறிவிடும்.