ஓங்கிலுக்கும் ஒரு பாடு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிழிந்த வலை கிடக்காத மாதமில்லை. சென்ற ஆண்டு ஒரு நாள் விடியலில் கடலிலிருந்து திரும்பிய என் தந்தை, வலையை மணலில் உதறிப் போட்டார். மீன் சிக்கிய இடங்களில் எல்லாம் கையகல ஓட்டைகள். "எல்லாம் அந்தத் திருட்டு ஓங்கில் பண்ண வேலை" என்றார். டால்பினை எங்கள் கரையில் ஓங்கில் என்போம்.

அப்போது என் கையில் தேர்வுக்கான குறிப்பேடு இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்று படித்துக்கொண்டிருந்த பாடமோ பாலூட்டிகளின் பற்கள்! ஓங்கிலைத் திருடன் என்பது சரிதானா என்ற ஐயம் அன்று எழுந்தது. சரியன்று என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

ஓங்கிலும் திமிங்கிலமும் மீன்கள் அல்ல. நிலத்திலிருந்து நீருக்குப் போன பாலூட்டிகள். காஷ்மீரத்தில் புவியியலாளர் ரங்கராவ் திரட்டிய பாறைகளில் 'இந்தோஹையஸ்' என்னும் விலங்கின் எலும்புகள் கிடைத்தன. ஏறத்தாழ 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பூனையளவே ஆன, குளம்புள்ள விலங்கு அது. திமிங்கில இனத்துக்கே உரிய தடிப்பு அதன் காதெலும்பில் இருப்பதைத் தெவிசன் என்ற அறிஞரின் குழு 2007-இல் எடுத்துக்காட்டியது. பகைக்கு அஞ்சி நீரில் ஒளிந்த இனத்தின் வழித்தோன்றல்களே பின்னர் மீனுண்ணிகளாயின என்பது அவர்கள் கருத்து.

வீடு மாறியதும் உண்ணும் முறையும் மாறியாக வேண்டுமன்றோ? ஆடு மாடுகளுக்கு முன்பல் வேறு, கடைவாய்ப்பல் வேறு. ஓங்கிலுக்கு எல்லாப் பற்களும் ஒரே வடிவான கூம்புகள். அவை மெல்லுவதற்கு அல்ல, வழுக்கும் மீனைப் பற்றுவதற்கு. பிடித்த மீனை அது முழுதாக விழுங்குகிறது. அரைக்கும் வேலையை வயிற்றின் முதல் அறை பார்த்துக்கொள்கிறது.

மற்ற இனங்கள் வேறு வழிகளில் சென்றன. நீலத் திமிங்கிலம் பற்களையே துறந்துவிட்டது. கருவில் முளைக்கத் தொடங்கும் பற்கள் பிறக்குமுன் மறைந்துவிடுகின்றன. மேல்தாடையிலிருந்து தொங்கும் தகடுகளால் கூனியை வடிகட்டித் தின்கிறது. வடகடல் வால்ரஸ், நாக்கைப் பின்னுக்கு இழுத்துச் சிப்பியின் சதையை உறிஞ்சுகிறது. தென்துருவக் கடலில் நண்டுண்ணி சீல் என்றொரு கடல்நாய் உண்டு. பெயர்தான் நண்டுண்ணி, அது தின்பதோ கூனியை. அதன் பற்களே சல்லடையாக அமைந்துள்ளன. யானைக்கு உறவான நம் ஆவுளியா மீனைத் தொடுவதே இல்லை. கீழ்நோக்கி வளைந்த வாயால் கடற்புல்லை மேய்கிறது. அதற்காகவே 2022-இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது.

இவற்றைப் படித்தபோது எனக்கு எங்களூர்ப் பாடுதான் நினைவுக்கு வந்தது. பழவேற்காடு ஏரியில் இறாலுக்குச் சுத்து வலை கட்டுவோர் யார், எந்த நாளில், எந்த இடத்தில் கட்டுவது என்பதை ஊர் கூடி வகுத்த முறையே பாடு. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. முறை வைத்துச் சுற்றி வரும். கடலிலும் அப்படித்தான் ஒன்றுக்கு மீன், ஒன்றுக்குக் கூனி, ஒன்றுக்குப் புல் என்று பங்கு பிரிந்திருக்கிறது. மனிதன் வலை முடியக் கற்பதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே வகுக்கப்பட்ட பாடு அது!

இதைச் சொன்னபோது தந்தை சிரித்தார். "அதுக்குன்னு பாடு இருந்தா, நம்ம வலையில ஏன் வந்து வாய வெக்குது?" என்றார்.

நியாயமான கேள்விதான். பரந்த கடலில் துரத்திப் பிடிப்பதைவிட, வலையில் சேர்ந்து கிடக்கும் மீனைப் பறிப்பது எளிது. இரையை எளிதில் பெறும் வழியைக் கண்டுகொள்ளும் அறிவால்தான் அந்த இனம் பிழைத்து வந்திருக்கிறது. அதே அறிவு மனிதனுக்குத் துணை செய்வதும் உண்டு. பிரேசில் நாட்டில் லகூனா என்னும் ஊர் நம்மூர் போலவே உப்பேரிக் கரையில் இருக்கிறது. அங்கே நூறாண்டுகளுக்கும் மேலாகச் சில ஓங்கில்கள் மடவைக் கூட்டத்தைக் கரைப்பக்கம் விரட்டிவர, நீரில் நிற்கும் மீனவர்கள் அவற்றின் சைகை பார்த்து வீச்சு வலை எறிகிறார்கள். இருசாராருக்கும் இதில் ஆதாயம் என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. அங்கே கூட்டாளியாக இருப்பது பிறவியிலேயே திருடனாக இருக்க முடியுமா?

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் தந்தைக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, இனிமே திருடன்னு சொல்லல. வலைக்கு யாரு காசு குடுக்கறது?" என்றார்.

என் பாடநூலில் இதற்கு விடை இல்லை. ஆனால் விடை இல்லாமல் போகவில்லை. பாதுகாக்கப்பட்ட கடல் உயிரினம் சிக்கினால் வலையை அறுத்து அதை விடுவிக்கும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தரும் திட்டத்தை 2018-இல் மகாராட்டிர அரசு கொண்டுவந்தது. ஆவுளியாவை விடுவித்த மீனவர்களுக்குத் தமிழக வனத்துறை வெகுமதி வழங்கியுள்ளது. ஓங்கில் கிழித்த வலைக்கும் இப்படி ஒரு வழி வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஓங்கிலைக் காப்பது நாடு முழுவதற்கும் கடமை என்றால், அதன் செலவு என் தந்தையின் வலை மீது மட்டும் விழுவது முறையாகாது.

ஓங்கிலின் பாட்டை நாம் ஒப்புக்கொள்வோம். எங்கள் பாட்டை நாடும் ஒப்புக்கொள்ளட்டும்.