கட்டற்ற மென்பொருளும் ஒற்றை அறை வீடும்

"மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, பிள்ளையை வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே?" ஒரு கூட்டத்தில் இப்படிக் கேட்டவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். அதனால்தான் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

வல்லம் ஒன்றியத்தில் நாங்கள் மாலை வகுப்பு எடுக்கும் தெருவில், ஒரு வீட்டுப் பரணில் அரசு மடிக்கணினி கிடந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படித்தபோது அந்த வீட்டு அக்கா வாங்கியது. பேட்டரி செத்துவிட்டது, சார்ஜர் செருகினால் ஓடும். அதில் ஜிகாம்ப்ரி போட்டுக்கொடுத்தோம். 2000-இல் பிரான்சில் பிறந்த கட்டற்ற மென்பொருள் அது. எழுத்து, கணக்கு, சதுரங்கம் என்று நூறு பயிற்சிகளுக்கு மேல் உண்டு. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். நான்காம் வகுப்புத் தங்கை இரண்டே நாளில் சதுரங்கத்துக்குப் போய்விட்டாள். நம் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்ற பழைய பேச்சை இனி யாரும் எடுக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் நின்றுபோனது. மல்லாட்டை பிடுங்கும் பருவம். அம்மா விடியும் முன்பே கொல்லிக்குப் போய்விட, பள்ளி விட்டு வந்ததும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது இவள்தான். வீடு ஒற்றை அறை. இருக்கிற ஒரே பிளக்கில் ஃபேன் ஓடும், அல்லது கணினி ஓடும்.

'வீட்டில் கற்றல்' என்று எழுதுகிறவர்கள் யாருடைய வீட்டை நினைத்து எழுதுகிறார்கள்? 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 சதவீதத்தில். கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது திக்‌ஷா செயலி இலவசம், கல்வித் தொலைக்காட்சி இலவசம். ஆனால் 2021 ஆகஸ்டில் ஜான் டிரீஸ் உள்ளிட்டோர் எடுத்த 'ஸ்கூல்' ஆய்வில், கிராமப்புறத் தலித், ஆதிவாசிப் பிள்ளைகளில் தொடர்ந்து இணையத்தில் படித்தவர்கள் 4 சதவீதம்தான். கிராமத்தின் மற்ற பிள்ளைகளில் 15 சதவீதம். இலவசம் எல்லோருக்கும் ஒன்றாகவா போய்ச் சேர்ந்தது?

திரை போதாது என்பது அரசுக்கும் தெரியும். 2021 அக்டோபர் 27-இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது இதே மாவட்டத்தில், மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். தெருவுக்குள் ஓர் ஆளை அனுப்பினார்கள். அது சரியான வழி.

ஊராட்சி நூலகத்துக்குப் போகலாமே என்பார்கள். நாங்கள் பார்த்த ஊராட்சிகளில் அது ஊர்த்தெருவில் இருக்கிறது. உள்ளே நுழையும் பிள்ளையிடம் முதலில் "யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான் கேட்கிறார்கள். ('காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். சொல் போகட்டும், தெரு?)

கட்டற்ற மென்பொருள் தோழர்களோடு நமக்குப் பகையில்லை. பயன்படுத்த, பிரித்துப் பார்க்க, பகிர, மாற்றி எழுத எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்கிற அந்த உரிமை, படிப்பே மறுக்கப்பட்ட நமக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? ஆனால் கேரள அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் ஓடுவது பெற்றோரின் சாமர்த்தியத்தால் அல்ல. அது அரசு எடுத்த முடிவு. இங்கே மட்டும் ஏன் கூலிக்காரத் தாயின் தலையில் கட்டுகிறீர்கள்?

நம் தெருவிலேயே ஒரு பொது அறை, மின் இணைப்பு, பரண்களில் கிடக்கும் பழைய மடிக்கணினிகள், சம்பளத்தோடு நம் தெருப் பட்டதாரி ஒருவர். கேட்பது இவ்வளவுதான். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கிறோம். கல்லூரி விடுமுறையில் இருக்கும் தம்பி தங்கைகள் பென்டிரைவும் ஒரு ஜங்ஷன் பாக்ஸும் எடுத்துக்கொண்டு வாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை எழுந்திருக்கப் போவதில்லை.