சந்தை வாசலில் ஒரு தராசு

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

கரிசல் காட்டில் முப்பது உருப்படி வைத்து ஆடு வளர்க்கிறவள் நான். பாதி கன்னி இனம், மீதி கொடி இனம். 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் கிடைத்த நான்கு ஆடுகளிலிருந்து பெருகிய பட்டி இது. அதற்கும், ஊருக்கு வந்து ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டுப் போகிறவர்களுக்கும் நன்றி. வளர்ப்பதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. விற்கிற இடத்தில்தான் குறை.

தீபாவளிக்கு முந்தின சந்தைக்கு நான்கு கிடாய்களைக் கொண்டுபோனேன். எந்தச் சந்தை என்று எழுதவில்லை. நான் பார்த்த சந்தை எல்லாவற்றிலும் நடப்பு ஒன்றுதான். முந்தின நாள் சாயங்காலம் சாக்கில் தூளி கட்டி, தொங்கு தராசில் நான்கையும் நிறுத்துப் பார்த்திருந்தேன். ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குக் கூடக்குறைய இருந்தது. உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி விழும் என்பது கசாப்புக் கடைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒரு கிடாய்க்குப் பத்து கிலோவாவது தேறும்.

வியாபாரி வந்தார். முதுகெலும்பை அழுத்தினார், இடுப்பில் கைவைத்துத் தூக்கிப் பார்த்தார், வாயைப் பிளந்து பல் பார்த்தார். "எட்டு கிலோ விழும்மா, அதுக்கு மேல வராது" என்றார். வீட்டில் நிறுத்த கணக்கைச் சொன்னேன். "உங்க வீட்டுத் தராசு உங்களுக்குச் சாதகமாத்தானே பேசும்" என்று சிரித்தார். பிறகு தரகரும் அவரும் கைகளைத் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலால் விலை பேசினார்கள். பெண்பிள்ளை நான், அந்தத் துண்டுக்குள் என் கைக்கு இடமில்லை. என் கிடாய்க்கு என்ன விலை பேசுகிறார்கள் என்று பக்கத்தில் நின்றும் எனக்குத் தெரியவில்லை.

எட்டு கிலோ கணக்கில்தான் விற்றேன். கறி கிலோ 800 ரூபாய் என்று வைத்தாலும், கிடாய்க்கு இரண்டு கிலோ, நான்குக்கு எட்டு கிலோ, 6,400 ரூபாய் எனக்கு நஷ்டம். வெட்டுக்கூலி, கடை வாடகை, வியாபாரியின் லாபம் எல்லாம் உண்டுதான். ஆனால் அதெல்லாம் கிடாய்க்கு எட்டு கிலோ என்று பேசிய விலையிலேயே கழிந்துவிட்டது. மேற்கொண்டு போனது முழுக்க என்னுடையது.

பிடிக்காவிட்டால் ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்பீர்கள். வேன் வாடகை கொடுத்தாயிற்று, சுங்கச் சீட்டு வாங்கியாயிற்று. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பத்து ஊர் ஆட்டோடு ஒரு பகல் நின்ற ஆட்டைத் திரும்பக் கொண்டுவந்து பட்டியில் விட்டால் ஆட்டுக்கொல்லியும் கூடவே வரலாம். சந்தைக்குப் போன உருப்படியைத் தனியாகக் கட்டி வைக்க எங்களில் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது? உச்சி வெயில் ஏற ஏற விலை இறங்குவது ஏன் என்று வியாபாரிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பாலுக்குக் கொழுப்பு அளந்து காசு தருகிறார்கள். பருத்தியை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எடை போடுகிறார்கள். அன்று விற்ற கிடாயும் மறுநாள் கறிக்கடையில் முத்திரை குத்திய மின்னணுத் தராசில் ஏறியிருக்கும்; நூறு கிராம் ஈரலுக்குக்கூட அங்கே எடை உண்டு. உயிரோடு இருந்தவரைக்கும் அதற்கு எடை கிடையாது.

எங்கள் பக்கத்துப் பிழையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தை நாள் காலையில் உப்பு கொடுத்து, வயிறு முட்டத் தண்ணீர் காட்டிக் கூட்டிவருகிறவர்கள் எங்களில் உண்டு. சந்தையில் தராசு வந்தால் இந்தப் பழக்கம் கூடும் என்று வியாபாரிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தண்ணீருக்கென்று இவ்வளவு தள்ளுபடி என்று இரு தரப்பும் பேசி முடிவு செய்யட்டும், எனக்குச் சம்மதம்.

எல்லா ஆட்டையும் நிறுத்துத்தான் விற்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. நேர்த்திக்கடனுக்கு மறு இல்லாத கருங்கிடாய் தேடி வருகிறவருக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. பக்ரீத் நேரத்தில் வயதும் தோற்றமும் விலை பேசும். வளர்ப்புக்குப் பெட்டை வாங்குகிறவர் மடியையும் பல்லையும் பார்ப்பார். அங்கெல்லாம் கண் மதிப்புதான் சரி, பல தடவை எங்களுக்கு அது லாபமும்கூட. கறிக்குப் போகிற ஆட்டை மட்டும், விற்கிறவரோ வாங்குகிறவரோ கேட்டால் நிறுத்துக் காட்ட ஓர் இடம் வேண்டும்.

சந்தைகளை உள்ளாட்சி அமைப்புகள் ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுக்கின்றன. சுங்கம் வசூலிக்கிற குத்தகைதாரர், முத்திரையிட்ட மேடைத் தராசு ஒன்றை வைத்துப் பராமரிக்க வேண்டும், எடையைச் சீட்டில் எழுதித் தர வேண்டும் என்று அடுத்த ஏல நிபந்தனைகளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆடு நழுவாமல் நிற்க நாலு பக்கமும் கம்பி அடைப்பு இருந்தால் போதும். எடைக்கூலி எவ்வளவு என்பதைப் பலகையில் எழுதி வைத்தால் நாங்களே கொடுத்துவிடுகிறோம்.

நான் போன சந்தையின் வாசலில், சீட்டு கிழிக்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு வேப்ப மரம் நிற்கிறது. அதன் அடியில் இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கும் ஒருத்தி