போனை எடுத்தால் குற்றமா?

பாலவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சந்துகளில், ஒரே அறையில் ஆறு பேர், ஏழு பேர் என்று தங்கியிருக்கும் பையன்களை எங்களுக்குத் தெரியும். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகள். பகலில் கல்லூரி, இரவில் பைக்கில் சாப்பாடு டெலிவரி. அண்மையில் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: "வண்டியை மறிச்சு அடிக்கறப்ப போன்ல வீடியோ எடுத்தா நம்ம மேலயே கேஸ் போட்ருவாங்களாண்ணா?"

போடுவார்கள். அந்த வழக்கு நிற்குமா என்பது வேறு கேள்வி.

சீருடையில் உள்ள போலீஸார் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 130ஆவது பிரிவு அது. டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம். இதிலெல்லாம் எங்களுக்கு வழக்கில்லை. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களை நாங்களே திட்டியிருக்கிறோம். எங்கள் வழக்கு, உரிமத்தில் உள்ள முகவரியைப் படித்த பிறகு மாறுகிற குரலைப் பற்றியது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். நல்லது. பழைய அட்டைகள் இன்னும் பையன்களின் பர்சில்தான் இருக்கின்றன. 'தம்பி' என்று தொடங்கியது 'டேய்' ஆவதற்கு அந்த ஒரு வரி போதும்.

2018 ஏப்ரலில் தியாகராய நகரில், தாயோடும் சகோதரியோடும் பைக்கில் வந்த இளைஞரை ஹெல்மெட் இல்லையென்று நிறுத்தினார்கள். வாக்குவாதம் முற்றி, அவரைக் கம்பத்தோடு அழுத்திக் கையை முறுக்கினார்கள். தாய் கதறினார். போலீஸாரைத் தாக்கியதாக வழக்கு அந்த இளைஞர் மீதுதான். யாரோ எடுத்த வீடியோ வெளிவந்த பிறகே ஊர் மறுபக்கத்தைப் பார்த்தது.

2021 ஜூன் 22. சாத்தான்குளம் கொடுமை நடந்து சரியாக ஓராண்டு. சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச்சாவடியில், கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய் மது குடித்துவிட்டு நண்பர்களோடு பைக்கில் திரும்பிய ஒரு வியாபாரியை மறித்தார்கள். ஊரடங்கு காலம். சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் லத்தியால் அடித்தார். அந்த மனிதர் சாலையில் சுருண்டு விழுந்தார், மறுநாள் இறந்தார். கூட வந்தவர் அதை போனில் பிடித்திருந்தார். அடித்தவர் கொலை வழக்கில் கைதானார். அந்த வீடியோ இல்லாவிட்டால், 'போதையில் வண்டியிலிருந்து விழுந்தார்' என்று ஒரு வரியில் கதை முடிந்திருக்கும் என்றே நினைக்கிறோம்.

மறு ஆண்டு ஏப்ரலில், மெரினாவில் குதிரைச் சவாரித் தொழிலில் இருந்த தலித் இளைஞர் விக்னேஷ், கீழ்ப்பாக்கம் பக்கம் இரவு வாகனச் சோதனையில் ஆட்டோவோடு பிடிபட்டார். விடிந்ததும் உயிரோடு இல்லை. உடல்நலக் கோளாறு என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் 13 காயங்கள். போலீஸார் அவரைத் துரத்தும் காட்சி தெருவோர சிசிடிவியில் இருந்தது. அதன் பிறகே கொலை வழக்கு, போலீஸார் கைது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு எல்லாம்.

பொது இடத்தில் போலீஸாரை வீடியோ எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காவல் நிலையமே 'தடைசெய்யப்பட்ட இடம்' அல்ல, அங்கு வீடியோ எடுப்பது அலுவல் ரகசியச் சட்டப்படி குற்றமாகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022இல் தீர்ப்பளித்தது. நிலையத்துக்குள்ளேயே அப்படியென்றால் நடுரோட்டில் என்ன ரகசியம்? பையன்கள் பயப்படும் பாரதிய நியாய சம்ஹிதா 132ஆவது பிரிவு, அரசு ஊழியரைத் தாக்குவதையும் அவர் மீது வன்விசை செலுத்துவதையும் பற்றியது. பத்தடி தள்ளி நின்று போனைப் பிடிப்பது அதில் வராது.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. சாதிப் பெயர் சொல்லித் திட்டியதாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தால், அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்தது என்று காட்ட வேண்டும். யார் பார்த்தது, யார் கேட்டது என்ற இடத்தில்தான் நம் வழக்குகள் தடுமாறுகின்றன. கடைக்காரர் சாட்சி சொல்ல மாட்டார். அவர் அங்கேயே பிழைக்க வேண்டும். போன் சொல்லும்.

மறிக்கப்பட்டவர் கையில் உரிமம் மட்டும் இருக்கட்டும். பதிவு செய்வது கூட வந்தவர் வேலை, இல்லையென்றால் தெருவில் நிற்பவர் வேலை. எடுத்ததை வெட்டாமல் அப்படியே வைத்திருங்கள். நீதிமன்றத்துக்குப் போகும்போது சாட்சியச் சட்டம் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். பாட்டுப் போட்டு ரீல்ஸ் ஆக்குகிற அவசரத்தில் நல்ல ஆதாரத்தை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

சென்னைப் போக்குவரத்து போலீஸாரும் சட்டையில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் அதன் பொத்தானும் பதிவும் அவர்களிடமே இருக்கின்றன. பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2011ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 33ஆவது பிரிவே தெளிவாகச் சொல்லிவிட்டது: போலீஸ் நடவடிக்கையைச் சட்டப்படி பதிவு செய்யும் பொதுமக்களை எந்த அதிகாரியும் தடுக்கக் கூடாது. அதே இரண்டு வரியைத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் சேர்க்கச் சட்டப்பேரவைக்கு என்ன தடை என்று நம் தொகுதி உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும்.

இதைச் சொன்னபோது பாலவாக்கத்துப் பையன் போனில் '33' என்று குறித்துக்கொண்டார். "இதை இங்க காட்டினா ஒத்துக்குவாங்களாண்ணா?" என்றார். அது கேரளாவுக்குத்தான் தம்பி என்று சொல்ல வேண்டியிருந்தது.