கோபன்ஹேகன் விட்ட உதை!

1815, ஜூன் 18. வாட்டர்லூ போர்க்களம். நெப்போலியனை வென்ற ஆங்கிலேயத் தளபதி வெலிங்டன், இரவில்தான் குதிரையை விட்டு இறங்கினார். அதிகாலை முதல் தன்னைச் சுமந்த கோபன்ஹேகனைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார். சட்டென்று அது விட்டது ஓர் உதை! மயிரிழையில் தப்பினார். நாள் முழுக்கப் பறந்த குண்டுகளுக்குத் தப்பிய மனிதரைச் சொந்தக் குதிரையே சாய்த்திருக்கும்!

ஆனாலும், அதை அவர் கைவிடவில்லை. இங்கிலாந்தில் ஸ்ட்ராட்ஃபீல்ட் சே என்ற தன் மாளிகையில் வைத்துப் பராமரித்தார். போர்க்களத்தில் முரடாக இருந்த குதிரை, அங்கே வீட்டுப் பெண்கள் கையால் ரொட்டி வாங்கித் தின்றது. அதன் முடியில் கைவளை செய்து அணிந்த பெண்களும் உண்டு.

1836 பிப்ரவரியில், 28 வயதில் கோபன்ஹேகன் இறந்தது. ராணுவ மரியாதையோடு அடக்கம். அப்போதுதான் வெலிங்டன் கவனித்தார்... ஒரு குளம்பைக் காணோம்! நினைவுப்பொருளுக்காக யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். மனிதர் கொதித்துப்போனார்.

பிறகு ஓர் அருங்காட்சியகம், குதிரையின் எலும்புக்கூட்டைக் கேட்டது. நெப்போலியனின் குதிரை மாரெங்கோவின் எலும்புக்கூட்டோடு சேர்த்து நிறுத்துவதற்காக! வெலிங்டன் சம்மதிக்கவில்லை.

மாரெங்கோவுடையது என்று சொல்லப்படும் எலும்புக்கூடு, இன்றும் லண்டன் ராணுவ அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கோபன்ஹேகனோ, தான் மேய்ந்த மண்ணிலேயே, ஓக் மரத்தடியில் தூங்குகிறது. உழைத்த ஜீவனைக் காட்சிப்பொருளாக்காமல் நிம்மதியாகத் தூங்கவிட்டதும் ஒரு நன்றிக்கடன்தான்!